உருவம் பொய்யென்றால் உருவப்படம் எதற்கு?

மூன்றாம் நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்த தத்துவஞானி புளோட்டினஸ், தன்னை யாரும் படமாக வரைய இடம் கொடுக்கவில்லை. இயற்கை நம்மேல் போர்த்தியிருக்கும் இந்த உடலே ஒரு நிழல்தான். அந்த நிழலுக்கும் ஒரு நிழலெடுத்து, அதைக் காலத்துக்கும் நிற்கும்படி விட்டுச்செல்ல வேண்டுமா என்று அவர் கேட்டதாக மாணவர் போர்ஃபிரி எழுதிவைத்திருக்கிறார். நம் பக்கத்திலும் இந்தச் சந்தேகம் உண்டு. தெய்வ உருவம் இலக்கணத்தில் சற்றுப் பிசகினாலும் நன்மை தரும், மனித உருவம் எத்தனை நேர்த்தியாக அமைந்தாலும் சொர்க்கத்துக்கு வழிகாட்டாது என்கிறது சுக்கிரநீதி. ஆனால் ஸ்ரீபெரும்புதூரில் வேறொரு மரபு இருக்கிறது. ராமானுஜர் உயிரோடு இருந்த காலத்திலேயே அவரைப் போலவே ஒரு திருமேனி வார்க்கப்பட்டது, அவரே அதைத் தழுவித் தம் ஆற்றலை அதற்குள் செலுத்தினார் என்று வைணவர்கள் நம்புகிறார்கள். ‘தானுகந்த திருமேனி’ என்று அதற்குப் பெயர். ஒரு ஞானி தன் சாயலை மறுத்தார், இன்னொருவர் தழுவிக்கொண்டார். இன்று எண்ணெய் வண்ணத்தில் ஒரு முகத்தை உள்ளது உள்ளபடி வரையக் கற்பவர், தெரிந்தோ தெரியாமலோ இந்த வழக்கின் நடுவில்தான் ஈசலை நிறுத்துகிறார். மூக்கின் நிழல் எங்கே முடிகிறது என்பதற்காக ஆண்டுக்கணக்கில் மெனக்கெடுவது அழியப்போகிற தோலின் மேல் செலவழித்த காலமா? அப்படியில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். அந்த ஆண்டுகளில் திருந்துவது கையைவிடப் பார்வைதான். அது திருந்தும் விதத்தைக் கவனித்தால், பொய் உருவத்தில் குடியிருக்கவில்லை, பார்ப்பவரின் அவசரத்தில் குடியிருக்கிறது என்பது புலப்படும்.

முதல் சான்று, தொடக்க மாணவர் பெரும்பாலோர் செய்யும் ஒரு பிழை. வளர்ந்த மனிதரின் தலையில் கண்கள் ஏறக்குறைய நடுப்பகுதியில் இருக்கின்றன. உச்சியிலிருந்து கண்வரை எவ்வளவோ, கண்ணிலிருந்து மோவாய்வரை கிட்டத்தட்ட அவ்வளவு. ஆனால் புதிதாக வரைபவர் கண்ணை மேலே ஏற்றிவிடுவார். நெற்றி குறுகும், மண்டையின் மேல்பாகம் வெட்டியெடுத்ததுபோல் ஆகும், கண்ணும் வாயும் பெருத்துவிடும். மாடல் எதிரிலேயே அமர்ந்திருக்கிறார், வெளிச்சமும் நன்றாக இருக்கிறது, ஆனாலும் இது நடக்கிறது. கை பழகாததுதான் காரணம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் டேல் கோஹன், சூசன் பென்னெட் என்ற இரு உளவியலாளர்கள் 1997இல் வெளியிட்ட ஆய்வில், வரையும் பிழைகளுக்குக் கையின் தடுமாற்றம் சிறு காரணமே என்றும், எதிரிலுள்ள பொருளையே தவறாகக் காண்பதுதான் முதன்மைக் காரணம் என்றும் முடிவுக்கு வந்தார்கள். பிற்கால ஆய்வுகள் இதை அங்கங்கே திருத்தியிருக்கலாம். ஆனால் ஓவிய வகுப்பு நடத்துபவர்கள் நெடுங்காலமாகக் கையாளும் ஒரு பயிற்சி இதற்குத் துணை நிற்கிறது. நகலெடுக்க வேண்டிய படத்தைத் தலைகீழாக வைத்துவிட்டால், அதே மாணவர் அதே கையால் முன்னைவிடச் சரியாக வரைகிறார் என்பது அவர்கள் அனுபவம். தலைகீழாகும்போது ‘கண்’, ‘மூக்கு’ என்ற அடையாளங்கள் உடனே கைகொடுப்பதில்லை. வளைவு, இடைவெளி, சாய்வு ஆகியவை மட்டுமே மிஞ்சுகின்றன, அவற்றைப் பார்த்தே தீர வேண்டியிருக்கிறது. அதாவது, முகம் என்றால் என்னவென்று ஏற்கெனவே தெரியும் என்ற நினைப்பு சற்று ஓய்ந்தால்தான் முகம் தெரிகிறது.

அளவைத் தாண்டி வண்ணத்துக்கு வந்தால் சான்று இன்னும் வலுக்கிறது. கண்ணின் வெண்படலம் வெண்மை என்று நமக்குத் தெரியும்; அதனால் மாணவர் அங்கே டியூபிலிருந்து எடுத்த வெள்ளையையே வைப்பார், விழி பிதுங்கிப் பயமுறுத்தும். புருவத்தின் நிழலிலும் இமையின் நிழலிலும் அமர்ந்திருக்கும் அந்தப் படலம் பெரும்பாலும் சாம்பல் நிறமாகவே இருக்கிறது, பல சமயம் வெளிச்சம் விழும் கன்னத்தைவிட இருண்டும் இருக்கிறது. மாநிறத் தோலின் மேல் ஜன்னல் வழியே வானத்து வெளிச்சம் விழும்போது நெற்றியின் பளபளப்பு நீலம் கலந்த சாம்பலாகத் தெரியும். மோவாயின் அடியில் சட்டையின் நிறம் பட்டு எதிரொளிக்கும். ‘தோல் நிறம்’ என்று ஒன்று அந்த முகத்தில் எங்குமே இல்லை. இருப்பதாக நம்பிய நிறுவனங்கள் இளஞ்சிவப்பு கலந்த ஒரு வெளிர் நிறத்துக்கு அந்தப் பெயரையே ஒட்டி விற்றன. அமெரிக்காவின் கிரேயோலா நிறுவனம் தன் கிரேயான் ஒன்றின் அத்தகைய பெயரை 1962இல் மாற்றிக்கொண்டது. ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் ஸோர்னின் பெயரால் அறியப்படும் பேலட்டில் வெள்ளை, எல்லோ ஓக்கர், வெர்மிலியன், ஐவரி பிளாக் ஆகிய நான்கே வண்ணங்கள். நீலம் கிடையாது. ஆனால் கறுப்பையும் வெள்ளையையும் கலந்த சாம்பலை ஓக்கர் கலந்த தோலின் பக்கத்தில் வைத்தால் அது நீலமாகத் தோன்றுகிறது. பக்கத்து நிறம் மாறினால் இந்த நிறமும் மாறுவதை வேதியியலாளர் செவ்ரல் 1839இலேயே ஒரு பெருநூலாக எழுதிவிட்டார். 1995இல் பார்வை ஆய்வாளர் எட்வர்ட் அடெல்சன் வரைந்த சதுரங்கப் பலகைப் படத்தில், நிழலில் இருக்கும் ‘வெள்ளை’க் கட்டமும் வெளிச்சத்தில் இருக்கும் ‘கறுப்பு’க் கட்டமும் ஒரே சாம்பல்தான், சொல்லிக்கொடுத்த பின்னும் கண் அதை ஏற்க மறுக்கிறது. உருவப்படம் கற்பவர் கண்ணைச் சுருக்கி டோன்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவது, கண்ணின் இந்தப் பிடிவாதத்தைத் தளர்த்தத்தான்.

இந்தப் பிழைகள் எந்த வகையைச் சேர்ந்தவை என்பதில்தான் சமயக் கேள்வி தொடங்குகிறது. பிரம்மசூத்திர உரையின் முன்னுரையில் சங்கரர், சிப்பி வெள்ளியாகத் தெரிவதை எடுத்துக்காட்டி, ஒன்றின் மேல் வேறொன்றை ஏற்றிப் பார்ப்பதே மனித அறிவின் அடிப்படைப் பிழை என்கிறார். மாணவர் சாம்பலின் மேல் வெண்மையை ஏற்றுவது இதற்கு அப்படியே பொருந்துகிறது. ஆனால் ராமானுஜர் அதே சிப்பியை வேறு விதமாகப் படித்தார். இல்லாத ஒன்று தோன்றவே முடியாது. சிப்பியில் வெள்ளியின் கூறும் சிறிதளவு உண்டு, கண்ணின் குறையால் அந்தக் கூறு மட்டும் பிடிபட்டு மற்றது விடுபடுகிறது, ஆகவே பிழை என்பது முழுமையடையாத அறிவு என்பது அவருடைய ஸ்ரீபாஷ்யத்தின் நிலை. சிப்பியில் வெள்ளி கலந்திருப்பதாகக் கொள்ளும் கணக்கை இன்று நாம் ஏற்காமல் போகலாம். ஆனால் ஓவியக்கூடத்தில் நடக்கும் பிழையை இது இன்னும் நெருங்கிப் பிடிக்கிறது. கண்ணையும் வாயையும் பெரிதாக வரையும் மாணவர் இல்லாத ஒன்றைக் கற்பனை செய்யவில்லை. முகத்தில் நம்மோடு பேசும் பகுதிகளைக் கண்டுகொண்டு, பேசாத நெற்றியையும் கன்னத்தின் பக்கவாட்டையும் விட்டுவிடுகிறார். வெண்படலம் வெண்மை என்பதும் பகல் வெளிச்சத்தில் நேராகப் பார்க்கும்போது ஓரளவு உண்மைதான். இந்த நிழலில், இந்த நேரத்தில் அது எப்படி இருக்கிறது என்பதுதான் விடுபட்டது. திருத்தமும் அவ்வாறே நடக்கிறது. ஆசிரியர் மாணவரின் முன்னிருந்து உலகத்தை அகற்றிவிட்டு மேலான எதையும் காட்டுவதில்லை. அதே முகத்தை மறுபடி பார் என்கிறார். பார்வை நிறையும்போது பிழை நீங்குகிறது, முகம் அங்கேயே இருக்கிறது. அத்வைதி ஒருவர் இதற்கு உடனே பதில் சொல்வார்: இவையெல்லாம் நடைமுறை உண்மையின் எல்லைக்குள் நடக்கும் திருத்தங்கள், உடலை ஆன்மாவாகக் கொள்ளும் பெரும்பிழை இதனால் அசையாது. சரிதான். ஓவியக்கூடம் மோட்சத்தைத் தீர்மானிக்கும் இடமாக முடியாது. ஆனால் நடைமுறைக்குள்ளும் ‘சரி’, ‘பிழை’ என்ற வேறுபாடு உண்டென்பதைச் சங்கரரும் மறுக்கவில்லை. அப்படியானால் உருவத்தைக் கவனமாகப் பார்ப்பது மாயையில் மூழ்குவது என்ற பொதுப்புத்தி வாதம் அவருடைய பெயரிலும் நிற்காது.

இங்கே கலை வரலாற்றாசிரியர் ஆனந்த குமாரசுவாமி எதிர்ப்புச் சொல்வார். 1877இல் கொழும்பில் தமிழ்த் தந்தைக்குப் பிறந்த அவரும், 1884இல் சென்னை ஓவியப் பள்ளிக்கு வந்து பிறகு கல்கத்தா சென்ற ஹாவெலும், எண்ணெய் வண்ணத்தில் புராணங்களை வரைந்த ரவிவர்மாவைக் கடுமையாக விமர்சித்தார்கள். இந்தியக் கலைஞன் மாடலைப் பார்த்து வரைபவன் அல்லன், தியானத்தில் உருவத்தைக் கண்டு வடிப்பவன் என்பது குமாரசுவாமியின் நிலைப்பாடு. ரவிவர்மாவின் தேவியர் நாடக மேடைப் பெண்களாக இருக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டில் நியாயம் உண்டு. ஆனால் அந்த நியாயம் தெய்வ உருவத்துக்கே பொருந்தும். நடராஜருக்கு எதிரில் உட்கார்ந்து பார்க்கத்தக்க மாடல் இல்லை. அதனால்தான் ஸ்தபதிக்குத் தியான சுலோகமும் தாளமான அளவும் இருக்கின்றன. உத்தம தசதாளம் என்ற அளவுமுறையில் உருவத்தின் உயரம் 124 கூறுகளாக வகுக்கப்படுகிறது. எது எங்கே வர வேண்டும் என்பதில் ஸ்தபதியின் சொந்த விருப்பத்துக்கு இடம் குறைவு. எதிர்வீட்டுக் கிழவிக்குத் தியான சுலோகம் கிடையாது. அவளை அறிய அவளைப் பார்ப்பது ஒன்றே வழி. பார்க்காமல் மனத்தில் இருக்கும் ‘கிழவி’யை வரைந்தால் அது தியானமாகாது, சோம்பலாகும். இரண்டு பயிற்சிகளும் எதிராளியாகக் கருதுவது ஒன்றையே: ‘எனக்குத் தெரியும்’ என்று முந்திக்கொள்ளும் மனத்தை. ஸ்தபதி அதை அளவுநூலால் அடக்குகிறார், உருவப்பட ஓவியர் எதிரில் இருப்பவரால் அடக்குகிறார். ஐரோப்பாவிலிருந்து வந்த முறை என்பதும் இதில் குறையாகாது. 1868இல் ஓவியர் தியோடர் ஜென்சன் திருவிதாங்கூர் அரண்மனைக்கு வந்தபோது, இளம் ரவிவர்மாவுக்கு அவர் வரைவதைப் பார்க்க மட்டுமே முடிந்தது என்று வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. பார்த்தே கற்க முடிந்த வித்தை பார்க்கிற எல்லோருக்கும் சொந்தம்.

அடுத்த எதிர்ப்பு புளோட்டினஸின் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. பார்வையைத் திருத்துவது நல்லதாகவே இருக்கட்டும்; முடிவில் உருவாவது ஒரு ஏமாற்றுத்தானே? தட்டையான துணியில் எண்ணெயைப் பூசி, மூச்சுவிடும் மனிதர் இருப்பதாக நம்பவைப்பது பொய்க்கு இன்னொரு அடுக்கைச் சேர்ப்பதாகாதா? திருமூலர் மரத்தால் செய்த யானையை எடுத்துக்காட்டி, யானையைக் காணும்போது மரம் மறைவதையும் மரத்தைக் காணும்போது யானை மறைவதையும் சொன்னார். கலை வரலாற்றாசிரியர் கோம்பிரிச் 1960இல் வெளியிட்ட ‘ஆர்ட் அண்ட் இல்லூஷன்’ நூலில் ஏறக்குறைய இந்த இடத்துக்கே வருகிறார்: வண்ணத்தையும் அது காட்டும் உருவத்தையும் ஒரே கணத்தில் சேர்த்துக் காண முடியாது. தத்துவஞானி ரிச்சர்ட் வோல்ஹைம் இதை மறுத்தார். படத்தைப் பார்ப்பது என்பதே இரண்டையும் ஒருசேரக் காண்பதுதான், இல்லையென்றால் நாம் ஏமாந்தவர்கள் ஆவோமே தவிரப் பார்ப்பவர்கள் ஆக மாட்டோம் என்பது அவர் வாதம். சாதாரணப் பார்வையாளரைப் பொறுத்தவரை கோம்பிரிச் சொல்வது பல சமயம் உண்மை. ஆனால் வரையக் கற்றவர் வோல்ஹைமின் சாட்சி. பிரஷை வைக்கும் ஒவ்வொரு முறையும் அவர் அதைக் கன்னமாகவும் காண வேண்டும், ஓக்கரும் வெள்ளையும் குழைந்த ஒரு தீற்றலாகவும் காண வேண்டும். ஒன்றை இழந்தால் படம் கெட்டுவிடும். போப் பத்தாம் இன்னொசென்ட்டை ஓவியர் வெலாஸ்கெஸ் 1650இல் வரைந்த படத்தை ரோமின் டோரியா பம்பிலி காட்சிக்கூடத்தில் காணலாம். தள்ளி நின்றால் சந்தேகம் நிறைந்த ஒரு கிழவர், நெருங்கினால் சிவப்பிலும் வெள்ளையிலும் தளர்வாக வீசிய வீச்சுகள். அந்தப் படம் தன் வித்தையை ஒளித்துவைக்கவில்லை. ஏமாற்றுபவன் செய்முறையை மறைப்பான். நல்ல எண்ணெய் வண்ண ஓவியம் தோற்றம் எப்படி உருவாகிறது என்பதைத் தோற்றத்தோடு சேர்த்தே காட்டுகிறது. தோற்றத்தின் இயல்பை அறிய விரும்பும் எந்தத் தத்துவத்துக்கும் இதைவிட நல்ல பாடப்பொருள் கிடைப்பது கடினம்.

எல்லாவற்றிலும் கூர்மையான எதிர்ப்பு தத்துவஞானி லெவினாஸிடமிருந்து வருகிறது. மனித முகம் என்பது நம்மைப் பொறுப்புக்கு அழைக்கும் ஒன்று, அது பார்வைக்குரிய பொருளல்ல என்றவர் அவர். ஒருவருடைய மூக்கையும் நெற்றியையும் கண்ணின் நிறத்தையும் கவனிக்கத் தொடங்கினால் அவரை ஒரு பொருளாகத்தான் கவனிக்கிறோம், கண்ணின் நிறம்கூடத் தெரியாமல் இருப்பதே சந்திப்பின் உயர்ந்த நிலை என்று வாதிட்டார். இதன்படி, பென்சிலை நீட்டிப்பிடித்து ஒரு கண்ணை மூடி எதிரில் இருப்பவரின் முகத்தை அளப்பவர் அறத்தின் எதிர்த்துருவத்தில் நிற்கிறார். இந்த எச்சரிக்கையைத் தள்ளிவிட முடியாது. சாதியையும் இனத்தையும் நிரூபிக்க மூக்கை அளந்த காலனிய அதிகாரிகளின் வரலாறு நமக்குத் தெரியும். ஆனால் அந்த அளவையும் இந்த அளவையும் ஒன்றாக்கக் கூடாது. மூக்கை அளந்த அதிகாரி முகத்தை ஒரு வகைக்குள் அடைக்க அளந்தார். அளந்து முடித்ததும் முகம் அவருக்குத் தேவைப்படவில்லை. உருவப்படம் வரைபவர் தன் மனத்திலிருக்கும் வகையை உடைக்க அளக்கிறார். அளக்க அளக்க முகம் பிடிகொடுக்காமல் நகர்கிறது. ஆளி விதை எண்ணெய் நீர்போல ஆவியாவதில்லை, காற்றின் ஆக்ஸிஜனோடு மெல்லச் சேர்ந்துதான் இறுகுகிறது. அதனால் நேற்று வைத்த கன்னத்தை இன்று பேலட் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி தொடங்கலாம்; தவறை ஒப்புக்கொள்ள ஊடகமே அவகாசம் தருகிறது. ஓவிய வணிகர் வொல்லார், 1899இல் ஓவியர் செஸான் தன்னை வரைந்தபோது தான் 115 முறை உட்கார்ந்ததாக எழுதியிருக்கிறார். படத்தில் கையின் மேல் இரண்டு சிறு இடங்கள் வண்ணமில்லாமல் இருப்பதைச் சுட்டியபோது, அங்கே ஏதோ ஒரு நிறத்தை வைத்துவிட்டால் அந்த இடத்திலிருந்து படம் முழுவதையும் திரும்ப வரைய வேண்டியிருக்கும் என்றாராம் செஸான். எதிரில் இருப்பவரைப் பொருளாக மட்டும் கருதியவர் அந்த இடங்களை அரை நிமிடத்தில் நிரப்பியிருப்பார். தெரியாததை நிரப்பாமல் விடும் அந்தக் கூச்சம், லெவினாஸ் கேட்ட பொறுப்பிலிருந்து தொலைவில் இல்லை.

இரண்டு சிறிய ஆட்சேபங்களுக்கும் பதில் சொல்லிவிட வேண்டும். கேமரா வந்த பிறகு இந்த உழைப்பு எதற்கு என்பது ஒன்று. சாயல் மட்டும் வேண்டுமென்றால் கேமரா போதும், சந்தேகமில்லை. ஆனால் இந்த வாதம் சாயல் என்ற விளைபொருளைப் பற்றியது அல்ல, பார்வை பெறும் பயிற்சியைப் பற்றியது. புகைப்படத்தைக் கட்டம் போட்டு நகலெடுத்து உருவப்படம் செய்பவர் அந்தப் பயிற்சியின் பெரும்பகுதியை இழக்கிறார். அளவையும் டோனையும் அவருக்காக லென்ஸ் ஏற்கெனவே முடிவுசெய்துவிட்டது. இரண்டாவது ஆட்சேபம் கனமானது: பார்வை திருந்தினால் மனிதர் திருந்துவார் என்றால், முகங்களை அத்தனை உண்மையாக வரைந்த ஓவியர் கரவாஜியோ 1606இல் ஒருவரைக் கொன்றது எப்படி? பயிற்சி ஒருவரை நல்லவராக்கும் என்று இக்கட்டுரை சொல்லவில்லை. நாள்தோறும் தியானத்தில் அமர்பவர்களிலும் கொடியவர்கள் உண்டு. அதனால் தியானம் வீண் என்று எவரும் முடிவுகட்டுவதில்லை. ஓவியக்கூடம் ஓர் உண்மையைக் கண்முன் நிறுத்துகிறது: நான் பார்த்தேன் என்று சத்தியம் செய்யத் தயாராக இருந்தது நான் பார்த்ததே இல்லை. அந்தப் பாடத்தை வாழ்க்கைக்குக் கொண்டுபோவதும் ஈசலோடு மடித்துவைப்பதும் அவரவர் பொறுப்பு.

ஆகவே, உருவப்படம் கற்பதை வெறும் வெளித்தோற்ற மோகம் என்று ஆன்மிகவாதிகள் ஒதுக்குவதும், பழைய காலத்து வித்தை என்று நவீனக் கலைஞர்கள் ஒதுக்குவதும் ஒரே பிழையின் இரு பக்கங்கள். இரு தரப்பும் இறுதியில் கிடைக்கும் சட்டமிட்ட படத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்கின்றன; அதை வரையும்போது வரைபவரின் பார்வைக்கு நேர்வதை இருவரும் கணக்கில் எடுக்கவில்லை. புளோட்டினஸின் கதைக்கும் ஒரு பின்பகுதி உண்டு. அவருடைய மாணவர் அமேலியஸ், கார்ட்டேரியஸ் என்ற ஓவியரைக் குருவின் வகுப்புகளுக்கு அழைத்துவந்தார். எவரும் வரக்கூடிய வகுப்பு அது. ஓவியர் பலமுறை வந்து கவனித்தார், நினைவிலிருந்து வரைந்தார், அமேலியஸ் திருத்தம் சொன்னார், புளோட்டினஸுக்குத் தெரியாமலேயே அவரைப் போன்ற ஒரு படம் உருவாயிற்று. அந்த ஓவியர் குருவின் போதனையை எவ்வளவு பின்பற்றினார் என்பதைப் போர்ஃபிரி எழுதவில்லை. ஆனால் புளோட்டினஸை நீண்ட நேரம், விடாமல், வேறெதையும் ஏற்றாமல் பார்த்தவர் என்ற வகையில் அந்த ஓவியரும் அந்த வகுப்பின் மாணவரே. உருவம் பொய் என்று சொல்லும் உரிமை ஒருவருக்கு இருக்கலாம். ஆனால் அதைச் சொல்லுமுன் ஒரு முகத்தையாவது முழுமையாகப் பார்த்திருக்க வேண்டும். அந்தத் தகுதியைப் பெற எண்ணெய் வண்ணமும் ஒரு நேர்மையான வழி.